பெரியவரான பிறகு கர்நாடக வயலின்: சுருதி சேர வாசிக்க முதல் வருடத்தில் என்ன செய்ய வேண்டும்

வயலின் வகுப்பில் சேர்ந்தபோது எனக்கு வயது 37. பக்கத்தில் உட்கார்ந்து வாசித்த பையனுக்கு 9. அவன் முதல் பாடமான சரளி வரிசையை முடித்து அடுத்த பாடமான ஜண்டை வரிசைக்குப் போய்விட்டான். எனக்கோ எட்டு மாதம் ஆகியும் காந்தாரம், அதாவது ‘க’, இன்று இருந்த இடத்தில் நாளை இருக்காது. ‘நமக்குக் காது இல்லை, அவ்வளவுதான்’ என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

அப்புறம் வீடு மாறினோம், ஆசிரியரும் மாறினார். புது ஆசிரியை முதல் வகுப்பில் என்னை வாசிக்கவே சொல்லவில்லை. வயலினை வாங்கிக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். தந்தியை ஒரு விரலால் அழுத்தினார். பிரடையை (தந்தியை முறுக்கும் திருகு) திருகினார், அது கையை விட்டதும் சுற்றிக்கொண்டு பின்னால் போனது. “இதை வச்சுக்கிட்டு நானே சுருதியா வாசிக்க முடியாதும்மா” என்றார்.

எட்டு மாதக் கட்டணம் 16,000 ரூபாய், வயலின் 6,500 ரூபாய். அந்தப் பணத்துக்குக் கற்றுக்கொண்டதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். உட்கார்ந்து வாசிக்கும் கர்நாடக வயலினைப் புதிதாகத் தொடங்கும் பெரியவர்களுக்கானது இது. விலையெல்லாம் சென்னையில் நான் கொடுத்ததும் விசாரித்ததும்தான். உங்கள் ஊரில் கொஞ்சம் முன்பின் இருக்கலாம்.

1. ஆசிரியரைப் பார்க்காமல் வயலின் வாங்காதீர்கள்

எல்லோரும் செய்யும் முதல் தப்பு இது. ஆசை வந்ததும் இரவு பதினொரு மணிக்கு ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிடுவோம். பெட்டி, வில், ரோசின் (வில்லின் நாரில் பூசும் பிசின்) எல்லாம் சேர்த்து 4,000 ரூபாய் என்றால் யாருக்குத்தான் கை துறுதுறுக்காது? வந்து சேரும்போது குதிரை (தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டு) தனியாக ஒரு பையில் கிடக்கும். அதைச் சரியான இடத்தில் நிறுத்துவது புதியவர் வேலை அல்ல. வயலினை மெல்ல ஆட்டிப் பாருங்கள். உள்ளே ஏதாவது உருண்டால் அது சவுண்ட் போஸ்ட், மேல் பலகையை உள்ளிருந்து தாங்கும் சின்ன மரக்குச்சி. அது விழுந்து கிடக்கும்போது தந்தியை முறுக்கினால் மேல் பலகையே அமுங்கிப்போகலாம். நேராகப் பழுது பார்ப்பவரிடம் கொண்டு போங்கள்.

பழக ஆரம்பிக்க 8,000 முதல் 15,000 ரூபாய்க்குள் ஒழுங்கான வயலின் கிடைக்கும். பெரியவர்களுக்கு முழு அளவுதான். கடையில் இந்த மூன்றைப் பாருங்கள்:

- தந்தியின் உயரம். விரல் பலகை முடியும் இடத்தில், பலகைக்கும் மெல்லிய தந்திக்கும் நடுவே 3 முதல் 3.5 மி.மீ., தடித்த தந்திக்கு 5 முதல் 5.5 மி.மீ. இருக்க வேண்டும். என் முதல் வயலினில் மெல்லிய தந்தியே 6 மி.மீ. உயரத்தில் இருந்தது. உயரம் கூடினால் விரலை அழுத்தும்போதே தந்தி இழுபட்டு ஸ்வரம் மேலே ஏறிவிடும். விரல் சரியான இடத்தில் இருந்தும் சுருதி விலகும்.
- பிரடை. நான்கையும் திருகிப் பாருங்கள். திருப்பிய இடத்தில் நிற்க வேண்டும்.
- வில். நுனியிலிருந்து பார்த்தால் குச்சி ஒரு பக்கமாகக் கோணியிருக்கக் கூடாது.

குதிரையை இழைத்து உயரம் குறைக்க, பிரடை சரிசெய்ய 500 முதல் 1,500 ரூபாய் வரை ஆகும். இந்தச் செலவைத் தவிர்த்துவிட்டு உயர்ந்த ரகத் தந்தி வாங்கிப் போடுவது வீண். பில் கேட்டு வாங்குங்கள். “ஆசிரியர் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் ஒரு வாரத்தில் மாற்றித் தருகிறோம்” என்று கடைக்காரர் வாயால் சொன்னால் அதையே பில்லின் பின்னால் எழுதித் தரச் சொல்லுங்கள். நான் கேட்கவில்லை. நான்காம் நாள் போனபோது அப்படிச் சொன்ன ஆள் அன்றைக்கு லீவு.

2. வகுப்பில் சேர்தல்: எப்போது, எவ்வளவு, என்னென்ன காகிதம்

விஜயதசமி அன்று தொடங்குவதுதான் வழக்கம். பல ஆசிரியர்கள் புது மாணவர்களை அப்போதுதான் சேர்க்கிறார்கள், ஆகவே ஒரு மாதம் முன்பே பேசி வையுங்கள். ஆனால் சென்னையில் ஒரு சிக்கல் உண்டு. உங்கள் ஆசிரியர் கச்சேரி செய்பவராக இருந்தால், விஜயதசமி முடிந்த கையோடு மார்கழி சீசன் வந்துவிடும். டிசம்பர் முழுக்க வகுப்பு தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். புதிதாகப் பிடித்த வில் அந்த இடைவெளியில் மறந்தே போகும். டிசம்பரில் எத்தனை வகுப்பு என்று முன்கூட்டியே கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

வாரம் ஒரு தனி வகுப்புக்கு மாதம் 2,000 முதல் 4,000 ரூபாய் வரை கேட்கிறார்கள், குழுவாக என்றால் அதில் பாதி. குழு வகுப்பு பாட்டுக்குச் சரி. வயலினில் பத்துப் பேர் சேர்ந்து இழுத்தால் உங்கள் விரலில் வருவது உங்களுக்கே கேட்காது. முதல் மூன்று மாதமாவது தனி வகுப்பாகப் பாருங்கள்.

வீட்டில் 12 முதல் 25 வயதுக்குள் யாராவது இருந்தால் மாவட்ட அரசு இசைப் பள்ளியை விசாரியுங்கள். மூன்றாண்டுச் சான்றிதழ்ப் படிப்பு, வயலினுக்கு ஏழாம் வகுப்புத் தேர்ச்சி போதும், கட்டணம் மிகக் குறைவு. மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், புகைப்படம் ஆகியவற்றுக்கு இரண்டிரண்டு நகல் எடுத்துவைத்தால் அலைச்சல் குறையும். தனி ஆசிரியரிடம் சேர எந்தக் காகிதமும் வேண்டாம், தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், தட்சிணை போதும்.

ஆன்லைன் வகுப்பு என்றால் ஒன்றைக் கவனியுங்கள். வீடியோ கால் செயலிகள் பேச்சுக் குரலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை இரைச்சல் என்று வெட்டிவிடும். உங்கள் தம்புராவும் வயலின் நாதமும் அந்தப் பக்கம் பாதிதான் போகும். ஜூமில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்ற அமைப்பைப் போட்டுவிடுங்கள். ஆசிரியரோடு சேர்ந்து வாசிக்க முடியாது, ஒலி தாமதமாகத்தான் வரும்.

3. உட்காருவது

சம்மணமிட்டு உட்கார்ந்து வலது காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொள்ளுங்கள். வயலினின் சுருள் தலை வலது கணுக்காலுக்கு மேல் அமர வேண்டும். அடிப்பக்கம் இடது தோளுக்கும் நெஞ்சுக்கும் நடுவே சாய வேண்டும். வயலினைத் தாங்குவது காலும் தோளும்தான். இடது கை அதைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை, தொட்டுக்கொண்டிருக்கிறது.

சோதனை எளிது. இடது கையை முழுவதும் எடுத்துவிடுங்கள். வயலின் அசையாமல் இருந்தால் சரி. நழுவினால், வாசிக்கும்போது உங்கள் கட்டைவிரல் அதைக் கவ்விக்கொண்டிருக்கிறது என்று பொருள். கட்டைவிரல் கவ்வினால் மற்ற விரல்கள் இறுகும், இறுகிய விரல் காந்தாரத்தை எட்டாது. இடுப்பு வலிக்கிறது என்றால் பின்னால் ஒரு மடித்த போர்வையைப் போட்டு அதன்மேல் உட்காருங்கள். கால் மரத்துப்போகும், அது எல்லோருக்கும் உண்டு. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து நடந்தால் போதும்.

4. தந்திகளைச் சுருதி சேர்த்தல்

கர்நாடக முறையில் தடித்த தந்தியிலிருந்து ஸ, ப, ஸ, ப என்று சேர்ப்போம். முதல் இரண்டும் மந்தரம் (கீழ் ஸ்தாயி), அடுத்த இரண்டும் மத்தியம் (நடு ஸ்தாயி). எந்தக் கட்டை, அதாவது ஸவை எந்த உயரத்தில் வைப்பது என்பதை ஆசிரியர் சொல்வார். எனக்கு இரண்டரைக் கட்டை.

இங்கேதான் நான் முதன்முதலாக ஒரு தந்தியை அறுத்தேன். இரண்டரைக் கட்டைக்கு ஸ என்பது டி ஷார்ப், ப என்பது ஏ ஷார்ப். கடையிலிருந்து வரும் மெல்லிய தந்தி மேற்கத்திய முறைப்படி ‘இ’யில் நிற்கும். போனில் ட்யூனர் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு ஏ ஷார்ப் வரும் வரை முறுக்கினேன். எஃப் வந்தது, ஜி வந்தது, ஜி ஷார்ப் வந்தது. தந்தியின் சத்தம் கொசு போல மெலிந்துகொண்டே போனது, நானும் விடவில்லை. பட்டென்று அறுந்து புறங்கையில் ஒரு கோடு போட்டது. ‘இ’யிலிருந்து மேலே ஆறு படி போனாலும் ஏ ஷார்ப், கீழே ஆறு படி வந்தாலும் ஏ ஷார்ப். பல செயலிகள் ஸ்வரத்தின் பெயரைத்தான் பெரிதாகக் காட்டும், எந்த ஸ்தாயி என்பதைக் காட்டாது. நமக்கு வேண்டியது கீழே உள்ளது. நம் முறையில் தந்தியைப் பெரும்பாலும் தளர்த்தத்தான் வேண்டும். தந்தி தொளதொளவென்று இருக்கிறதே என்று பயப்படாதீர்கள்.

தம்புரா செயலியைப் போட்டு முதலில் மத்திய ஸ. பிறகு ஸவையும் பவையும் ஒரே வில்லில் சேர்த்து இழுங்கள். சேராதபோது வாங்... வாங்... என்று ஓர் அலை கேட்கும். பிரடையை உள்ளே அழுத்திக்கொண்டே திருகுங்கள். அலை மெதுவாகி மெதுவாகி நின்றுவிடும் இடம்தான் பஞ்சமம். கடைசியில் குதிரையை ஒரு பார்வை பாருங்கள். தந்தி முறுக்க முறுக்க அது விரல் பலகைப் பக்கம் சாயும். நிமிர்த்தி வைக்காவிட்டால் ஒரு நாள் டமால்.

முதல் மாதம் இதற்கே தினமும் பதினைந்து நிமிடம் போகும். போகட்டும். “ஆசிரியர் வாரம் ஒரு முறை சேர்த்துத் தருகிறார், போதும்” என்று இருந்தால் அடுத்த ஆறு நாளும் விலகிய சுருதியில்தான் விரல் பழகும். நான் எட்டு மாதம் அதைத்தான் செய்தேன்.

5. விரலுக்கு முன்னால் வில்

புது வில்லை எடுத்து இழுத்தால் சத்தமே வராது. வயலின் பழுது என்று நினைக்க வேண்டாம், நாரில் ரோசின் இல்லை. புது ரோசினின் பளபளப்பை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு, நார் முழுக்கப் பூசுங்கள். குச்சிக்கும் நாருக்கும் நடுவே ஒரு பென்சில் நுழையும் அளவு முறுக்கினால் போதும்.

மூன்று வாரத்துக்கு வெறும் தந்திதான். ஒரு வில் இழுப்புக்கு நான்கு அட்சரம் (தாள எண்ணிக்கை), பிறகு எட்டு. வில் குதிரைக்கு இணையாகப் போகிறதா என்று கண்ணாடி வைத்துப் பாருங்கள். சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் வில்லை அமுக்கி இழுத்தால் ஸ்வரம் லேசாகக் கீழே இறங்கும், தளர்ந்த தந்தியில் இன்னும் அதிகமாக. வில்லின் தப்பை விரலின் தப்பு என்று நினைத்து விரலை நகர்த்தினால் இரண்டும் கெடும்.

6. விரல் எங்கே

ஆரம்பப் பாடங்களுக்கான ராகமான மாயாமாளவகௌளையில் ஸ வெறும் தந்தி, ரி ஆள்காட்டி விரல், க நடுவிரல், ம மோதிர விரல். அடுத்த தந்தியில் ப, த, நி, மேல் ஸ. வரிசை எளிது, தூரங்கள்தான் ஏமாற்றும். முழு அளவு வயலினில் அதிரும் தந்தியின் நீளம் ஏறத்தாழ 33 செ.மீ. அதன்படி தந்தியின் சுருள் தலைப் பக்க முனையிலிருந்து ரி சுமார் 2 செ.மீ., க சுமார் 6.6 செ.மீ., ம சுமார் 8.2 செ.மீ.

கணக்கைப் பாருங்கள். ரி-க இடையே நாலரை செ.மீ. பாய்ச்சல், க-ம இடையே ஒன்றரை செ.மீ. மட்டும், அதாவது விரலோடு விரல் ஒட்ட வேண்டும். நம் கை இயல்பாக மூன்று விரலையும் சம இடைவெளியில்தான் வைக்கும். அதனால் புதியவர் எல்லோருக்கும் ரி ஏறியும் க இறங்கியும் வரும். காது இல்லை என்று நான் அழுததெல்லாம் இதற்குத்தான். ஆள்காட்டி விரலைப் பின்னுக்குச் சாய்த்து வைத்து, நடுவிரலை நீட்டப் பழக்குவதுதான் வழி. இடது கை நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும்.

இனி வரிசை முக்கியம். ரியிலிருந்து தொடங்காதீர்கள். மேல் ஸவைப் பிடியுங்கள். ஏனென்றால் அதைச் சரிபார்க்க வயலினிலேயே சாட்சி இருக்கிறது. ஒரு துண்டுக் காகிதத்தை ‘வி’ வடிவில் மடித்து, வெறும் மத்திய ஸ தந்தியின்மேல் தொங்கவிடுங்கள். நட்ட நடுவில் வேண்டாம், அங்கே ஆடாது, கால் பாகத்தில் வையுங்கள். இப்போது மெல்லிய ப தந்தியில் மோதிர விரலால் மேல் ஸவை நீளமாக இழுங்கள். இடம் தப்பினால் காகிதம் சும்மா கிடக்கும். சரியான இடத்தைத் தொட்ட நொடியில் துள்ளும். நான் முதன்முதலில் அதைப் பார்த்த அன்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

மேல் ஸ நிலைத்துவிட்டால் ம இலவசம். அதே மோதிர விரல், அதே இடம், பக்கத்துத் தந்தி. ரிக்கு நேரே த, கவுக்கு நேரே நி. மந்தர ப தந்தியில் மோதிர விரல் வைத்தால் வரும் ஸவும், ஸ தந்தியில் சுண்டுவிரல் வைத்தால் வரும் பவும் பக்கத்து வெறும் தந்தியோடு ஒன்றிப்போக வேண்டும். இவை எல்லாம் தூண்கள். ரியும் கவும் தூண்களுக்கு நடுவே. அவற்றுக்கு ஒரே வழி, தம்புராவோடு வாயால் பாடிவிட்டுப் பிறகு வாசிப்பது. பாட வராது என்று சொல்லாதீர்கள், கச்சேரியா செய்யப் போகிறோம்? காந்தாரம் தொண்டையில் நின்றால்தான் விரல் அதைத் தேடிப் போகும்.

இங்கே மூன்று பொறிகள்:

ஒன்று, விரல் பலகையில் ஒட்டும் ஸ்டிக்கர். கடையில் விற்பவற்றில் பல மேற்கத்தியப் பாடத்துக்கானவை, முதல் கோடு நம் சதுஸ்ருதி ரிஷபத்தில் (ரியின் மேல் வகை) இருக்கும். நம் ரி அதற்குக் கீழே. தவிர, நாம் வயலினைச் சாய்வாகப் பார்க்கிறோம், கோடு இருக்கும் இடம் ஒன்று, கண்ணுக்குத் தெரியும் இடம் வேறு. ஆசிரியரே ஒட்டித் தந்தால் ஆறு வாரம் வைத்திருந்து பிய்த்துவிடுங்கள்.

இரண்டு, ட்யூனர் முள். ஸ சேர்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தர காந்தாரத்தில், அதாவது நாம் வாசிக்கும் கவில், முள் பச்சையைக் காட்டும் இடம், தம்புராவோடு ஒன்றும் இடத்தைவிடக் கொஞ்சம் மேலே இருக்கும். செயலி பன்னிரண்டு ஸ்வரங்களையும் சமமாகப் பிரித்து வைத்திருக்கிறது, தம்புரா அப்படி இல்லை.

மூன்று, கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது. விரல் தப்பான இடத்தில் விழுந்ததும் லேசாக ஆட்டிச் சமாளிக்கலாம் என்று தோன்றும். கேட்பவருக்கும் பாட்டுப் போலத் தெரியும். ஆறு மாதத்துக்கு அதைச் செய்யாதீர்கள். வயலின் மேதைகள் லால்குடி ஜெயராமனோ எம்.எஸ். கோபாலகிருஷ்ணனோ வாசித்ததைக் கேட்கும்போது அசைவை விட்டுவிட்டு, அசைந்த விரல் எங்கே வந்து நிற்கிறது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

7. தினமும் எவ்வளவு நேரம்

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரத்தைவிடத் தினமும் 40 நிமிடம் மேல். சுருதி சேர்க்க 10, வெறும் தந்தி 5, பாடி வாசிப்பது 15, பாடம் 10. முதல் காலத்தில் (மெதுவான வேகம்) சேராதது இரண்டாம் காலத்தில் (அதன் இரட்டிப்பு வேகம்) சேராது, வேகத்தில் தப்பு தெரியாமல் போகும், அவ்வளவுதான். வாரம் ஒரு முறை போனில் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். வாசிக்கும்போது காதில் விழாதது அப்போது விழும்.

சரளி வரிசை எனக்கு நான்கு மாதம் எடுத்தது, இரண்டாவது ஆசிரியையிடம், முதலிலிருந்து. ஒரு வருட முடிவில் அலங்காரம் என்ற தாளப் பயிற்சியை முடித்துக் கீதம் என்ற எளிய பாட்டு. அதற்கும் மேலான வர்ணத்துக்கு இரண்டு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றே மாதத்தில் சினிமாப் பாட்டு என்று விளம்பரம் செய்பவரிடம் போனால் பாட்டு வரும், சுருதி வராது.

8. பராமரிப்பும் வருடச் செலவும்

வாசித்து முடித்ததும் வில்லின் நாரைத் தளர்த்துங்கள், தந்தியில் படிந்த ரோசின் தூளைத் துணியால் துடையுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் வயலினை விட்டுவிட்டுப் போகாதீர்கள், பசை இளகி ஒட்டு விடும். மழைக்காலத்தில் பிரடை ஊறி இறுகும், ஏசி அறையில் சுருங்கி நழுவும். நழுவினால் கொஞ்சம் சாக்பீஸ் தடவினால் பிடித்துக்கொள்ளும்.

ரோசின் 200 முதல் 400 ரூபாய், ஒன்று வருடக்கணக்கில் வரும். ஒரு செட் தந்தி ரகத்தைப் பொறுத்து 700 முதல் 2,500 ரூபாய். எட்டு, பத்து மாதத்தில் தந்தி ‘செத்துவிடும்’. வெறும் தந்தி சேர்ந்திருக்கும், விரல் வைத்தால் எங்கேயும் சேராது. அந்த நிலையில் விரலைக் குறை சொல்லிக்கொண்டு ஒரு மாதத்தை வீணாக்க வேண்டாம், தந்தியை மாற்றுங்கள். நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றாமல் ஒன்று ஒன்றாக மாற்றுங்கள். எல்லாவற்றையும் தளர்த்தினால் குதிரையும் விழும், சில நேரம் சவுண்ட் போஸ்ட்டும் விழும். கழற்றிய பழைய மெல்லிய தந்தியைச் சுருட்டிப் பெட்டியில் வைத்திருங்கள். அறுவது எப்போதும் அதுதான், அதுவும் கடை மூடிய பிறகுதான்.